குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது 2003-இல். அன்று மாடியில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கத் தெருவுக்குத் தெரு குழி வெட்டினோம். வாசலெல்லாம் மணலும் கூழாங்கல்லும் குவிந்து கிடந்தன. அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணறுகள் ஊறின. உப்புக் கரித்த தண்ணீர் வாயில் வைக்கும்படி ஆனதைப் பலர் கண்ணால் கண்டார்கள்.

அந்தக் குழிகளை அப்புறம் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பில் போன வருடம்தான் திறந்தோம். மேலே ஒன்றரை அடிக்குக் கறுப்புச் சேறு. மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய்களில் ஒன்று குழியோடு சேரவே இல்லை. எப்போதோ பெயின்ட் அடிக்கக் கழற்றியதை யாரும் திரும்ப மாட்டவில்லை, அத்தனை மழையும் தெருவுக்குப் போயிருக்கிறது. நாங்களோ எங்களிடம் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். சேற்றை அள்ளி, மணலை அலசித் திரும்பப் போட ஒரே ஒரு நாள்தான் ஆனது.

1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அந்த மாடியில் ஓராண்டில் விழும் மழையில் பாதி நிலத்துக்குள் இறங்கினாலே 60,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரிகள் ஐந்து. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குழி திறக்கும் நாளாக வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியபின் ஆளும் கிடைக்காது, மணலும் காயாது. மாடியைப் பெருக்குவது, குழாய் இணைப்பைப் பார்ப்பது, சேறு எடுப்பது எல்லாம் அன்றே முடியட்டும். மாடித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டிருக்கும் வீடுகளில் நேரில் போய்ப் பேசுங்கள். மழையில் தெருவின் பாதாள சாக்கடை பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். கடலோர மணலில் ஆழமில்லாத குழியே போதும். களிமண் பகுதியில் அதே குழி குட்டையாகத் தேங்கி நிற்கும். அங்கே களிமண்ணைத் தாண்டிக் கிணற்று உறை (சிமென்ட் வளையம்) இறக்க வேண்டும். பழைய திறந்த கிணறு இருந்தால் தயவுசெய்து மூடிவிடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று. மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். எங்கள் பலகையில் இப்போது அதைத்தான் குழந்தைகள் முதலில் பார்க்கிறார்கள்.

வரும் ஆடியில் எங்கள் குழியைத் திறந்து வைக்கிறோம். பக்கத்துத் தெரு சங்கங்கள் தங்கள் பிளம்பரையும் அழைத்துக்கொண்டு வரலாம்.

அன்புடன்,
திருவான்மியூர்க் குடியிருப்பாளர் ஒருவர்