சம்பந்தியம்மாவின் டிவிக்கு ஒரு டிகோடர்

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பா,

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் மேலே இந்தக் கடிதம்தான் இருக்கும். முதலில் இதைப் படி. கீழே இருக்கும் கனமான சாமானைப் பார்த்துவிட்டு, "அப்பா பழைய வீடியோ ரெக்கார்டரைப் போய் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்காதே. அதற்கு அங்கே வேலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொல்கிறேன்.

சம்பந்தியம்மாவின் பழைய டிவிக்கு எந்த டிகோடர் வாங்கலாம், ஒரு பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் டிவி பழுது பார்த்தவனிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால் எப்படி? போனில் சொன்னால் பாதியில் குழந்தை அழும், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புது டிவி வாங்கிவிட்டால் டிகோடரே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அவர் சொல்வது சரிதான். இப்போது விற்கும் டிவிகளுக்குள்ளேயே அந்தப் பெட்டியின் வேலை அடங்கியிருக்கிறது, ஏரியல் வயரை நேராகச் செருகினால் போதும். ஆனால் சம்பந்தியம்மா அந்த 21 அங்குல குண்டு டிவியைப் போர்வையில் சுற்றி, லாரியில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தார்கள் என்று நீதானே சொன்னாய். பால்மரம் சீவிய காசில் வாங்கிய டிவி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு தூரம் லிப்பிஸ் வரைக்கும் வந்தவருக்கு அவருடைய டிவியிலேயே படம் தெரிய வைப்போம். புதுசு அப்புறம் பார்க்கலாம்.

அந்த டிவி கெடவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல். "நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு புள்ளி புள்ளியா வருது" என்கிறாராம். அவர் சொல்வதிலும் தப்பில்லை. 1963 டிசம்பர் 28-ஆம் தேதி நம் மலேசியாவில் டிவி தொடங்கியதிலிருந்து ஏரியலில் வந்ததெல்லாம் அனலாக் என்ற பழைய முறை. 1978-இல் கலர் வந்தபோதுகூட பழைய கறுப்பு வெள்ளை டிவியில் படம் தெரிந்தது, யாரும் எதையும் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. 2019-இல்தான் அனலாக்கையே நிறுத்தினார்கள். ஜூலையில் லங்காவியில் ஆரம்பித்து, அக்டோபர் 31-க்குள் சபா, சரவாக் வரைக்கும் முடித்துவிட்டார்கள். காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் கைப்பேசிக்குக் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா தோட்டத்தில் இருந்தவரை சாட்டிலைட் தட்டு வைத்துப் பார்த்ததால் அவருக்கு இது தெரியாமலே போயிருக்கும். இப்போது காற்றில் வருவது டிஜிட்டல் என்ற வேறு பாஷை. டிகோடர் அதை அந்தப் பழைய டிவிக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

நீ ஆன்லைனில் பார்த்து அனுப்பிய அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். அது ஆண்ட்ராய்டு பெட்டி. அதற்கு இணையம் வேண்டும், ஏரியல் செருக ஓட்டையே கிடையாது. உங்கள் வீட்டில் போன் பேசவே வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது, இதில் அது என்னத்தை ஓடும்? வாங்கும் பெட்டியின் அட்டையில் டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும். கடைசியில் அந்த 2 முக்கியம். வெறும் டி என்றால் பழைய முறை, நம் நாட்டு ஒளிபரப்பை அது எடுக்காது. எஸ்2 என்றால் தட்டுக்கானது. விலை இருபது வெள்ளி குறைவு என்று மூன்றில் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள், எழுத்தைப் பார்த்து வாங்கு. தரச் சோதனைக்கான சிரிம் முத்திரையும், டிஜிட்டல் ஒளிபரப்பை நடத்தும் மைடிவியின் சின்னமும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆன்லைனில் வேண்டாம். லிப்பிஸ் டவுனில் கடையிலேயே வாங்கி, கடைக்காரத் தவுக்கேயிடம் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல். சரியில்லை என்றால் மாற்றித் தருவாயா என்றும் கேட்டுக்கொள்.

அடுத்தது பின்பக்க ஓட்டைகள். புதுப் பெட்டிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கும். குண்டு டிவிக்கு அது உதவாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் செருகும் இடம் வேண்டும். சிலதில் ஒரே ஒரு சின்ன ஓட்டையாக வைத்து, அதற்கென்று ஒரு வயரைக் கொடுத்திருப்பார்கள். அதுவும் சரிதான், அந்த வயர் அட்டைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்.

இப்போது வீடியோ ரெக்கார்டர் கதைக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் டிவியின் முதுகில் ஏரியல் ஓட்டை ஒன்றுதான் தெரிகிறது. மஞ்சள் வெள்ளை இல்லை. ஆனால் அந்தக் காலத்து டிவி பலவற்றில் முன்பக்கம், திரைக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். விரலால் அழுத்தினால் டக்கென்று திறக்கும். அதற்குள் ஒளித்து வைத்திருப்பான். வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கே தெரியாது. முதலில் அங்கே தடவிப் பார். மஞ்சளும் ஒரே ஒரு வெள்ளையும் இருந்தால் பயப்படாதே, ஒற்றை ஸ்பீக்கர் டிவி அது. சிவப்பு வயர் சும்மா தொங்கட்டும்.

அங்கேயும் இல்லை என்றால்தான் ரெக்கார்டர். டிகோடரின் மஞ்சள் வெள்ளையை அதன் பின்னால் 'இன்' பக்கம் செருகு. அதன் ஏரியல் 'அவுட்'டிலிருந்து நான் வைத்திருக்கும் குட்டை வயர் டிவிக்குப் போகட்டும். ரெக்கார்டரை ஆன் செய்து ஏவி-யில் வை. அப்புறம் டிவியில் யுஎச்எஃப் அலைவரிசைப் பக்கம் மெதுவாகத் தேடு, 36-ஆம் சானலுக்கு முன்னே பின்னே படம் வரும். அதை ஒன்றாம் எண்ணில் பதிந்துவிடு. டேப் எதுவும் போட வேண்டாம். உன் காதுகுத்து டேப் உள்ளே இருக்கிறதா என்று அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டாள், இல்லை.

ஒன்று கவனம். டிகோடரிலும் ஏரியல் 'அவுட்' என்று ஒரு ஓட்டை இருக்கும். அதை டிவியோடு இணைத்தால் படம் வந்துவிடும் என்று எல்லாரும் நினைப்பார்கள். வராது. ஏரியலில் வந்ததை அப்படியே வெளியே விடுகிற வழி அது. இன்னொரு டிகோடர் வைத்தால்தான் பயன்படும்.

சரி, பெட்டியைப் பற்றி இவ்வளவு போதும். நான் நிஜமாகச் சொல்ல வந்தது ஏரியலைப் பற்றி.

2019 கடைசியில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பாட்டி ஒருவர். படம் சதுரம் சதுரமாக உடைகிறது, சத்தம் வெட்டி வெட்டி வருகிறது. டிகோடர் மட்டம் என்று முடிவு கட்டி வேறொன்று மாற்றினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் மாற்றினேன். அந்தப் பாட்டி ஒன்றும் பேசாமல் காப்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வெட்கத்தோடு கூரையில் ஏறிப் பார்த்தால், ஏரியலில் வயர் முடுக்கிய இடத்தில் டேப் பிய்ந்து, உள்ளே மழைத்தண்ணீர். செம்புக் கம்பி பச்சைப் பாசி பிடித்தது போல இருந்தது. ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடுக்கினேன். முதல் டிகோடரே கண்ணாடி மாதிரி காட்டியது. முதலில் கூரை ஏறியிருந்தால் அரை மணி நேர வேலை. இத்தனை வருட அனுபவத்தில் நான் பட்ட அவமானம் அது, வெளியே சொல்லாதே.

பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி கூடும், ஆனாலும் ஆளைத் தெரியும், சத்தம் கேட்கும். நாமும் பொறுத்துக்கொண்டு பார்ப்போம். டிஜிட்டல் அப்படியில்லை. ஒரு அளவு வரைக்கும் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே போனால் மொத்தமாக உறைந்துவிடும்.

நீ இருக்கும் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஒரு ஏரியல் நிற்கிறது என்றாய். அதன் கம்பிகள் எவ்வளவு நீளம் என்று கீழே இருந்தே பார். ஒன்றரை, இரண்டு முழக் கம்பிகள் மட்டும் இருந்தால் அது பழைய விஎச்எஃப், அந்தக் காலத்து டிவி1, டிவி2-க்கு வைத்தது. இப்போது வருவதெல்லாம் யுஎச்எஃப். ஒரு சாண் நீளத்தில் நிறையக் குட்டிக் கம்பிகள் வரிசையாக இருக்க வேண்டும். டிகோடரில் மிச்சம் பிடிக்கும் காசை இதில் போடு. சன்னல் ஓரம் வைக்கும் தட்டையான ஏரியல் இங்கே புந்தோங்குக்குச் சரி, வாசலில் நின்றால் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் கிளேடாங் மலை எதிரே நிற்கிறது, ஒரு கம்பியை நீட்டினாலே படம் வரும். லிப்பிஸில் நாலு பக்கமும் குன்று. கூரை ஏரியல்தான் அங்கே. எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பாய். பக்கத்து வீடுகளில் புது ஏரியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம். நாலு வீட்டு ஏரியல் ஒரே திசையில் நின்றால் அதை மிஞ்சிய சாட்சி இல்லை. ஒரு வீட்டிலும் ஏரியலே இல்லாமல் எல்லாம் தட்டாக இருந்தால், எதுவும் வாங்காமல் எனக்குப் போன் செய். மலை மறைக்கிறது என்று அர்த்தம், அப்போது வேறு வழி பார்ப்போம்.

கூரைக்கு நீ ஏறாதே. மாப்பிள்ளையும் மழை நின்ற மறுநாள் ஏறட்டும், அன்றைக்கே வேண்டாம். சுருட்டி வைத்திருக்கும் கறுப்பு வயர் ஆர்ஜி6, 15 மீட்டர், இரண்டு முனையும் நானே முடுக்கிவிட்டேன். பழைய தட்டை வயரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். நடுவில் பிரித்து இரண்டு டிவிக்கு விடுகிற வேலையும் வேண்டாம், பிரித்தால் சிக்னல் பாதியாகிவிடும்.

டிகோடரின் மெனுவில் ஏரியலுக்கு 5 வோல்ட் கொடுப்பதா என்று ஒரு கேள்வி இருக்கும். சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் உள்ள ஏரியலுக்குத்தான் அது, நீ ஆஃபில் விடு. சிக்னல் பக்கத்தில் இரண்டு பட்டை காட்டும். ஒன்று பலம், இன்னொன்று தரம். பலத்தைப் பார்த்து ஏமாறாதே, தரம் ஏறும் வரைக்கும் ஏரியலை ஒவ்வொரு விரல்கடையாகத் திருப்பச் சொல். திருப்பியதும் ஒரு நிமிடம் பொறு. மாப்பிள்ளை கூரையிலும் நீ டிவி முன்னாலும் கத்திக்கொள்ளாமல் செய்து முடித்தால் நல்ல ஜோடிதான்.

அடாப்டர் வெளியே தனியாக உள்ள பெட்டியாக எடு. இடியில் முதலில் போவது அதுதான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வானம் கறுத்தால் பிளக்கையும் ஏரியல் வயரையும் உருவிவிடச் சொல். பெட்டியின் முன்னால் சானல் மாற்றும் பொத்தான் இருப்பதாகவும் பார், ரிமோட்டைக் குழந்தை எங்கே ஒளித்து வைக்கும் என்று சொல்ல முடியாது. படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தால் மெனுவில் 4:3 பான்ஸ்கேன் என்று மாற்று.

எல்லாம் முடிந்ததும் ஆட்டோ ஸ்கேன். டிவி2 102-ஆம் எண்ணில் இருக்கும், தமிழ்ச் செய்தி அதில். தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்மும் அந்தப் பெட்டியிலேயே வரும், தேடிப் பிடித்துக் கொடு, காலையில் சமைக்கும்போது கேட்பார். ரிமோட் இரண்டாகிவிடும், டிவிக்கு ஒன்று, டிகோடருக்கு ஒன்று. டிகோடர் ரிமோட்டில் 102-க்கு வேண்டிய மூன்று பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வை. நம் பாட்டிக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

சிக்னல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ரெக்கார்டருக்கு அடியில் துணியில் சுற்றியது முறுக்கு. அம்மா மேலே வைக்கச் சொன்னாள், நான் மறந்துவிட்டேன். உடைந்திருந்தால் அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா