காசிமேட்டுக்கு வந்த ஸ்னோபோர்டு

காசிமேடு,
சென்னை-13.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். தடைக்காலம் நெருங்குகிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட பழுது வேலையெல்லாம் மொத்தமாக வந்து குவியும். வேலைக்குக் குறைவில்லை, ஆள்தான் கிடைப்பதில்லை. ஃபைபர் தூள் அரிக்கிறது என்று பையன்கள் மறுநாளே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை, அரிக்கத்தான் செய்கிறது.

சரி, அருண் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு காஷ்மீர் குல்மார்க்கில் ஸ்னோபோர்டு கடை, அதாவது பனியில் நின்றுகொண்டு சறுக்கும் பலகைக்குக் கடை, போடப் போகிறேன் என்று நிற்கிறானாம், நீ சொன்னால்தான் கேட்பான் என்று எழுதியிருக்கிறாய். அவன் உனக்கு முந்திக்கொண்டான். மணாலியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பலகை ஒன்றை, "பெரியப்பா, இதைச் சரிபண்ண முடியுமா?" என்று பார்சலில் அனுப்பிவிட்டான். புத்திசாலி. என்னை வாயடைக்க வேறென்ன வேண்டும்?

பாறையில் மோதி, ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் எடை குறைந்த மரம், ஒல்லி ஒல்லிச் சட்டங்களாக நீளவாக்கில் ஒட்டியது. அதற்கு மேலும் கீழும் கண்ணாடி நார். நம் படகுக்குப் போடும் ஃபைபர் பாயில் நார் துண்டு துண்டாகக் கிடக்கும். இதில் இழைகளைக் கோணம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், பலகை முறுக்கிக்கொள்ளும்போது எந்தப் பக்கம் எவ்வளவு இழுவை வரும் என்று கணக்குப் போட்டு. எல்லாவற்றையும் எபாக்சி என்கிற கெட்டிப் பசை ஊற்றி, சூட்டோடு பிரஸ்ஸில் அழுத்தி ஒரே கட்டையாக்கிவிடுகிறார்கள். சுற்றி மெல்லிய இரும்பு விளிம்பு. நம் கடற்காற்றுக்கு அந்த விளிம்பு மறுநாள் காலையிலேயே துரு பூத்துவிட்டது.

பிளவுக்குள் போன தண்ணீரில் மரம் கொஞ்சம் உப்பியிருந்தது. ஹேர் டிரையர் வைத்து நன்றாக உலர்த்தி, மெல்லிய பிளேடால் எபாக்சியை உள்ளே தள்ளி, இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். படகுக்கு ஊற்றும் ரெசின் இதற்கு ஆகாது. காயும்போது சுருங்கும், இரும்பையும் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. அடிப்பக்கம்தான் விளையாட்டு காட்டியது. அது பாலித்தீன், முரட்டு ரகம். பசை லேசில் ஒட்டாது. அதே பிளாஸ்டிக்கில் குச்சி விற்கிறார்கள், அதைக் கொளுத்தி, பள்ளத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறியதும் சுரண்டி மட்டம் பண்ண வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அருணிடம் சொல்லாதே.

இன்னொன்று கேள். துபாயில் ஃபைபர் வேலை பார்க்கும் என் மச்சினன் பையனிடம் இதைச் சொன்னேன். "மாமா, ஸ்னோபோர்டு இங்கேயே செய்கிறார்கள்" என்றான். நான் நம்பவில்லை. பார்த்தால் உண்மைதான். ஜோன்ஸ் என்று பெயர்போன பலகை, பாலைவனத்தில் இருக்கும் துபாய் ஆலையில்தான் தயாராகிறது. பலகை செய்கிறவனுக்குப் பனி வேண்டாம், பிரஸ்ஸும் தெரிந்த கையும் இருந்தால் போதும். கடை வைக்கிறவனுக்குத்தான் பனி வேண்டும். அருணின் கணக்கு எனக்கு இடிப்பதே அங்கேதான்.

குல்மார்க்கில் 2024 ஜனவரியில் பனியே இல்லாமல் புல் தெரிந்த படங்களைச் செய்தியில் பார்த்திருப்பாய். அடுத்த வருஷம் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி போதாது என்று மார்ச்சுக்குத் தள்ளினார்கள். இத்தனைக்கும் அது கேபிள் கார் சுமார் 3,900 மீட்டர் வரை ஏறும் இடம். கடை வாடகை பனிக்காகக் காத்திருக்குமா?

அவனோ பர்ட்டன் ஸ்னோபோர்டு கம்பெனியை ஆரம்பித்த ஜேக் பர்ட்டன் கதையைச் சொல்கிறான். அந்த மனுஷனும் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு 1977-ல் வெர்மான்ட் போய்ப் பலகை செய்ய ஆரம்பித்தவர்தானே என்கிறான். ஆமாம். ஆனால் நூறு மாதிரிக்கு மேல் செய்து பார்த்தவர், இரவில் மதுக்கடையில் பரிமாறிப் பிழைத்தவர். அந்தப் பாதியை அருண் சொல்வதில்லை. அவருக்கும் முன்னால், 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர், பிள்ளைகள் நின்றுகொண்டு சறுக்கட்டும் என்று இரண்டு ஸ்கீயை, அதாவது காலுக்கு ஒன்றாக மாட்டும் ஒல்லிப் பனிச்சறுக்குப் பலகைகளை, சேர்த்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறார். அதைப் பொம்மையாக லட்சக்கணக்கில் விற்றார்கள். அப்படியும் அது விளையாட்டாக வளரவில்லை. ஏன் தெரியுமா? மலையில் விடவில்லை. லிஃப்டில் ஏற்ற மாட்டோம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று ஸ்கீ மைதானக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983-ல் அனுமதித்தது, மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்தன, அதற்குப் பிறகுதான் பலகைக்குச் சந்தையே வந்தது. 1998-ல் நகானோ ஒலிம்பிக் வரை போய்விட்டது. அமெரிக்காவின் யூட்டாவில் ஆல்டா, டீர் வேலி மாதிரி ஓரிரு ஸ்கீ மைதானங்கள் இன்றைக்கும் ஸ்னோபோர்டுக்காரனை ஏற்றுவதில்லை. என்ன வீம்போ!

சந்தை வந்ததும் ஆளாளுக்கு ஒரு பிராண்டு. 90-களின் நடுவில் ஜப்பானில் சரக்கு தேங்கியது, பாதிப் பேர் காணாமல் போனார்கள். பங்குச் சந்தைவரை போன ரைடு, மாரோ என்ற இரண்டு பிராண்டையும் 1999-ல் கே2 என்ற ஸ்கீ கம்பெனி வாங்கிப் போட்டுக்கொண்டது. இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அப்படி. அடுத்த குளிர்காலத்துக்கான ஆர்டரை, இந்தக் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே கடைக்காரன் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் பனி எப்படி என்று யாருக்குத் தெரியும்? தீபாவளி அன்று மழை கொட்டினால் தீவுத்திடல் பட்டாசுக் கடைக்காரன் நிற்பானே, அந்த நிலைமைதான். மிஞ்சியதைப் பாதி விலைக்குத் தள்ள வேண்டும், ஏனென்றால் பலகை மேல் அச்சடித்த படம் அதற்குள் பழசாகிவிடும். உள்ளே மாற்றம் ஒன்றும் பெரிதாக இருக்காது, அதைப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

அப்புறம், அருணிடம் வாங்கப் போவது யார்? நல்ல பலகை அமெரிக்காவிலேயே 500 டாலர் பக்கம். பூட்ஸ், அதைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் எல்லாம் தனி. வெளிநாட்டிலிருந்து குல்மார்க் வருகிறவன் தன் பலகையோடுதான் வருகிறான். நம்மூர் ஜனம் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்து, ஸ்லெட்ஜில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். நடுவில் இருக்கிறான் கற்றுக்கொள்கிற இளவட்டம். குல்மார்க்கில் மத்திய அரசின் ஸ்கீயிங் நிறுவனம் பயிற்சி நடத்துகிறது, மணாலியில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பழகி முடித்து வெளியே வருகிறவனுக்கு, காலுக்குப் பொருந்துகிற பூட்ஸும், உடைந்த பலகையைச் சரிபண்ண ஆளும் வேண்டும். பூட்ஸ் லூசாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பலகையும் சொன்ன பேச்சைக் கேட்காது. கூடவே மணிக்கட்டுக் கவசம். புதிதாகப் பழகுகிறவன் விழும்போது கையைத்தான் ஊன்றுவான், அதிகம் முறிவதும் அந்த எலும்புதான்.

அதனால் அவனிடம் நான் சொன்னது: புதுப் பலகை இறக்குமதி பண்ணி அடுக்காதே. எல்லா அளவிலும் பூட்ஸ், கொஞ்சம் பழைய பலகை, வாடகை, ரிப்பேர். முதலில் ஒரு சீசன் அங்கே யாராவது கடையில் சம்பளத்துக்கு நில், வேலையை விடுவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. பனி இல்லாத மாதங்களுக்கு நம் கோவளம் இருக்கிறது. அங்கே அலைச்சறுக்கு பழகும் பையன்கள் எத்தனை பேர்! அவர்கள் பலகையும் ரெசினும் நாரும்தானே, உடைந்தால் யாரிடம் போவார்கள்?

நீயும் அவனை முழுசாகத் தடுக்காதே. பணம் கேட்டால் ரிப்பேர் பட்டறை அளவுக்குக் கொடு, கடை அட்வான்ஸுக்குக் கொடுக்காதே. உன் பி.எஃப். பணத்தில் கை வைத்தால் நான் கோவைக்கே வந்து சண்டை போடுவேன்.

தடைக்காலத்தில் அவனை இங்கே அனுப்பு. லீவு போட்டுவிட்டு வரட்டும், நம் வீட்டு மாடி ரூம் காலிதான். எபாக்சி கலப்பது, கிளாம்ப் போடுவது, மட்டம் தேய்ப்பது எல்லாம் கையில் பிடித்துக் காட்டுகிறேன். சம்பளமும் தருகிறேன், எனக்கும் ஆள் தேவை. முழுக்கைச் சட்டை நாலைந்து பழசாகப் பார்த்து எடுத்து வரச் சொல்.

அன்புடன்,
பாஸ்கர்