பூட்டு தனியாக இல்லை

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வந்த கஞ்சா பற்றிய கட்டுரையில் மூளையிலுள்ள வாங்கியை (நரம்புக்கலத்தில் இருந்து இரசாயனச் செய்தியைப் பிடிக்கும் புரதம், receptor) பூட்டு என்றும் கஞ்சாவில் போதை தரும் பொருளான ரி.எச்.சி.யைச் சாவி என்றும் எழுதியிருந்தீர்கள். குறை சொல்ல வரவில்லை, நானும் உயர்தர வகுப்பில் வருடக்கணக்காக அந்தப் படத்தைத்தான் கீறுகிறேன். போன கிழமை ஒரு பொடியன் எழும்பி, "சேர், பூட்டும் ஒண்டு, சாவியும் ஒண்டு எண்டா, ஒருத்தன் சிரிக்க மற்றவன் ஏன் பயந்து நடுங்குறான்?" என்று கேட்டான். அளவு, பழக்கம் என்று சமாளித்தேன். அது பாதிப் பதில்தான்.

சிபி1 என்ற அந்த வாங்கி அதிகம் இருப்பது செய்தி அனுப்பும் நரம்புக்கலத்தின் முனையில். செய்தி பெற்ற கலம், போதும் என்று சொல்ல 2-ஏஜி, ஆனந்தமைட் போன்ற தன் சொந்த இரசாயனங்களைப் பின்னோக்கி அனுப்பும் (நம் 'ஆனந்தம்' தான், 1992இல் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர்). உடனே முனைக்குள் கல்சியம் போவது குறைந்து, செய்தி கடத்தும் பொருள் வெளிவருவதும் குறையும். வயல் நிறைந்ததும், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைக்குச் சொல்லி மடையை அடைப்பிக்கிறோமே, அந்த மாதிரி. ரி.எச்.சி. வந்தால் எந்த வயலும் கேட்காமலே மடைகள் அடைபடுகின்றன. அடைபட்டது கலங்களைத் தூண்டிவிடும் செய்திப்பொருளான குளுட்டமேற்று என்றால் ஒரு விளைவு, அடக்கிவைக்கும் காபா என்றால் அதற்கு நேர் எதிர்.

சரி, இனித்தான் விசயம், பொடியனுக்கான மீதிப் பதிலும் இதில் இருக்கலாம். இந்த வாங்கி தன் பக்கத்து வாங்கிகளோடு சோடி சேர்ந்தும் வேலை செய்கிறது. சிபி1 தனியாகத் தூண்டப்பட்டால் கலத்துக்குள் செய்தி கொண்டுபோகும் சைக்கிளிக் ஏஎம்பி என்ற பொருள் குறையும், டோபமின் என்ற இன்னொரு செய்திப்பொருளின் டி2 வாங்கி தனியாகத் தூண்டப்பட்டாலும் குறையும், ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தூண்டினால் கூடுகிறது என்று 1997இலேயே எலியின் நரம்புக்கலங்களில் கண்டார்கள். 2015இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு இன்னும் சுவையானது: செரட்டோனின் என்ற செய்திப்பொருளின் ஒரு வாங்கியோடு சிபி1 சேர்ந்திருக்கும் சோடியைப் பிரித்துவிட்டபோது ரி.எச்.சி.யால் வரும் ஞாபகக் குறைவு வரவில்லை, வலி தணிவது மட்டும் அப்படியே இருந்தது.

சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்லமுடியாதுதான். ஆனாலும் "எங்கட அப்பப்பா மதனமோதகம் திண்டு நல்லாத்தானே இருந்தார்" என்று, கஞ்சா சேர்த்த அந்த நாட்டு மருந்தைச் சொல்லி இங்கே கதைப்பவர்களுக்கு, அப்பப்பாவின் மூளையில் எந்த வாங்கி எதோடு சோடி சேர்ந்திருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அடுத்த முறை பூட்டும் சாவியும் போடும்போது பக்கத்தில் இன்னொரு பூட்டையும் கீறிவிடுங்கள், படத்தை வெட்டி வகுப்பில் ஒட்டுகிறேன்.

உயிரியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி