அடுத்த அரங்குக்குப் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய புது சுவரொட்டி வந்தது. அம்மா அதைப் பழையதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாள், பழையதைக் கழற்றவில்லை. இயக்கம் என்று உன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் இழுத்துப்போய்க் காட்டுகிறேன். மாப்பிள்ளை நின்ற இடத்தில் வேறொரு பையன் நிற்கிறான். நன்றாகத்தான் நிற்கிறான்.

இரண்டே பேர் நடிக்கிற நாடகம், அதில் ஒருவர் புது ஆள் என்றால் கூடுதலாக ஒத்திகை பார்த்துக்கொள். அதிலும் அடுத்த அரங்கில் மூன்று பக்கமும் பார்வையாளர்கள் என்கிறாய். எதிரே மட்டும் ஆட்கள் இருக்கிற மேடையில் இருவரும் பக்கவாட்டில் முகம் பார்த்துப் பேசினால் எல்லோருக்கும் தெரியும். அங்கே அப்படி நின்றால், ஒரு பக்கத்துக்காரர்களுக்கு ஒருவரின் முதுகு மட்டும்தான். குறுக்குக்கோட்டில் நிறுத்து, அடிக்கடி இடம் மாற்று. மூலை இருக்கைகளில் நீயே போய் உட்கார்ந்து பார். மேடையின் அகலம், ஆழம் இரண்டையும் முன்பே கேட்டு வாங்கி ஒத்திகை அறைத் தரையில் டேப் ஒட்டிக்கொள். காலி அரங்கில் குரல் கணீரென்று கேட்கும், ஏமாந்துவிடாதே. ஆட்கள் நிறைந்ததும் அவர்கள் உடம்பும் துணிமணியும் அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

மாப்பிள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

அப்புறம், ஒரே மாதிரி முடிகிற வசனங்களைக் கவனி. 8ஆம் பக்கத்திலும் 22ஆம் பக்கத்திலும் ஒரே வாக்கியம் வந்தால், புதியவன் பதற்றத்தில் இங்கிருந்து அங்கே தாவிவிடுவான். உள்ளே நுழைந்து காப்பாற்ற வேறு ஆள் கிடையாது. கிரேக்க மேடைக்கு இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோஃபக்ளீஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்த மூன்றாமவருக்காக நான் மேடையில் வேர்த்து நின்றதுண்டு!

எந்த அரங்கில் எத்தனை விளக்கு என்று எழுதத் தெரிகிறது. தூங்கினாயா, யாரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுத வரவில்லை. மூன்று வாரமாகப் போனும் இல்லை. சரி, வேலை இருக்கும். புது ஆளோடு கூடுதலாக ஒத்திகை பார்.

சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். அவன் குடியால்தான் எங்கள் நாடகம் நின்றது என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். பொய். முந்தின அரங்கில் அவனுக்குக் கைதட்டல் அதிகம் விழுந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் இடைவேளையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டேன். இரண்டாம் பாதியில் அவன் ஒற்றை ஆளாக வந்து, என் காலி நாற்காலியிடமே பேசி முடித்திருக்கிறான். நாற்காலி பதில் சொல்ல வேண்டிய இடங்களில் அத்தனை நேரம் பொறுத்திருந்தானாம். விளக்குப் போட்டவர் பிறகு என்னிடம் சொன்னார். சித்தப்பா குடிக்கத் தொடங்கியதே அதற்கப்புறம்தான். உன் கல்யாணத்துக்கு அவன் ஏன் வரவில்லை என்று கேட்டாயே, பயணம் ஒத்துக்கொள்ளாது என்றேன். அதுவும் பொய்.

உங்களில் யார் வெளியே நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற தகுதியும் எனக்கில்லை. அந்த நாற்காலிப் பக்கம் நீ இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் இருந்தாலும் சரி, போன் செய். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

தண்ணீர்க் கூஜாவைக் காட்சிப் பொருளாகவே மேடையில் வைத்துவிடு. இருவர் மட்டுமே என்றால் வெளியே போய்க் குடித்துவிட்டு வர நேரமிருக்காது.

அப்பா