செல்விக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு வந்தபோது உன் தடித்த கலை வரலாற்றுப் புத்தகத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். பெட்டியில் எடை கூடிவிட்டது என்றாள் அம்மா. இருக்கலாம். மாவடு ஜாடிக்கு இடம் இருந்தது. சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்துப் படிக்கிறேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் நகர்கிறது. குகையில் தொடங்கி இப்போது நீ இருக்கும் புளோரன்ஸுக்கு வந்துவிட்டேன். ஓரமெல்லாம் உன் பென்சில் குறிப்புகள். பதுவா அத்தியாயத்தோடு அவை நின்றுவிடுகின்றன. அதற்குமேல் பக்கங்கள் கடையில் வாங்கியபடியே இருக்கின்றன. மீதியை நோட்டில் எழுதியிருப்பாய்.

லாஸ்கோ குகைக் காளைகளைச் சீக்கிரம் தாண்டிவிட்டேன். 17,000 ஆண்டுப் பழமை என்றால் எனக்கு மனத்தில் நிற்கவில்லை. எகிப்தில் நெபமூன் என்ற கணக்கரின் கல்லறைச் சுவரில் இருந்த தோட்டம் பிடித்தது. குளத்தை மேலிருந்து பார்த்தபடி வரைந்திருக்கிறார்கள், மீனையும் வாத்தையும் மரத்தையும் பக்கத்திலிருந்து. ஓரிடத்தில் நின்றால் இதெல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாதுதான். தெரிந்த எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தவன் வரைந்தது.

கிரேக்க அத்தியாயம் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்கள் வார்த்த வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள். 'ஈட்டி ஏந்தியவன்' என்ற சிலையை ரோமானியர் பளிங்கில் செதுக்கிய நகலாகத்தான் பார்க்கிறோம். பளிங்குக் கால் உடல் எடையைத் தாங்காது என்று பக்கத்தில் ஒரு மரத்தண்டையும் செதுக்கி ஒட்டவைத்திருக்கிறார்கள். வெண்கலத்துக்கு அந்த முட்டுத் தேவையே இல்லை. 1972இல் இத்தாலியின் ரியாச்சேக் கடலில் கிடைத்த இரண்டு வெண்கல வீரர்களில் ஒருவனுக்குப் பல் வெள்ளி, உதடு செம்பு. தாத்தா பார்த்திருந்தால் அன்று பட்டறைக்கு விடுமுறை விட்டிருப்பார்.

இத்தாலியின் பதுவா நகரில் ஜோத்தோ என்ற ஓவியர் 1305 வாக்கில் வரைந்த படம்: இறந்த கிறிஸ்துவைச் சுற்றி அழுகிறார்கள், அதில் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே நீ "முதுகு!" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நான் அந்தப் படத்தைப் பத்து நிமிடம் பார்த்தும் என் கண்ணில் படாதது அது. பாலு மாமாவுக்கும் தபால்காரருக்கும்கூடக் காட்டினேன். நம் வீட்டில் உளி பிடித்தவர்கள் உண்டு, இப்படிப் பார்த்தவர்கள் கிடையாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருப்பது எப்படி என்றுதான் புரியவில்லை. நோட்டில் எழுதியிருப்பாய்.

நான் எழுத வந்தது 1401ஆம் ஆண்டைப் பற்றி. புளோரன்ஸில் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகளுக்குப் போட்டி வைத்தார்கள். ஏழு பேர். எல்லோருக்கும் ஒரே கதை: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிறார், தேவதூதன் தடுக்கிறான். மிஞ்சியவை இரண்டு தகடுகள், கிபெர்ட்டியுடையதும் புருனெலெஸ்கியுடையதும். இரண்டும் உன் ஊரில், பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிபெர்ட்டி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக, பின்பக்கம் குடைவாக வார்த்திருக்கிறார். புருனெலெஸ்கி உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தகட்டில் பொருத்தினார். வெண்கலம் அதிகம் செலவு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிற நமக்கு இது புரியாத சங்கதியா? வேலைத்திறன் என்று கேட்டால் கிபெர்ட்டிதான். அவர்தான் ஜெயித்தார்.

ஆனாலும் என் ஓட்டு மற்றவருக்கு. கிபெர்ட்டியின் தூதன் எட்டத்தில் வருகிறான், ஆபிரகாமை இன்னும் தொடவில்லை. புருனெலெஸ்கியின் ஆபிரகாம் மகனின் கழுத்தை இறுக்கியிருக்கிறார், தூதன் பாய்ந்து அவர் கையையே பிடித்துவிட்டான். அந்த வேகத்தில் போகும் தகப்பனை வாயால் சொல்லித் தடுக்க முடியாது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பெற்றவன் பிள்ளையை அப்படியா பிடிப்பான்?" என்று உள்ளே போய்விட்டாள். கீழே மூலையில் வேலைக்காரன் ஒருவன் காலில் தைத்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பழைய ரோமானியச் சிலை ஒன்றின் அமர்வு அது. மேலே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது.

புருனெலெஸ்கியின் அப்பா ஒரு நோட்டரி. மகன் தன் தொழிலுக்கு வருவான் என்று எண்ணியிருந்தவர், பையன் கேட்டதும் பொற்கொல்லர் வேலைக்கு விட்டுவிட்டார். போட்டியில் தோற்ற பிறகு மகன் ரோமுக்குப் போய்ப் பழைய கட்டடங்களை அளந்துகொண்டிருந்தார் என்கிறார்கள். போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போனாரா என்று தேடினேன், புத்தகத்தில் இல்லை. 1420இல் தொடங்கி 1436க்குள் அவர் புளோரன்ஸ் பேராலயத்தின் அந்தப் பெரிய குவிமாடத்தை எழுப்பியது எனக்கும் தெரியும். அதற்காக எழுதவில்லை. ரோமில் இருந்தபோது அவர் என்ன சாப்பிட்டார், யார் பார்த்துக்கொண்டார்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

மசாச்சோ என்ற பையன் வருகிற பக்கத்தை மூடிவிட்டேன். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஏவாள் வாய்திறந்து அழுகிறாளே, அந்த ஓவியம். வரைந்தவன் 27 வயதுக்குள் ரோமில் இறந்துபோனான். உனக்கு ஆவணியில் 26 முடிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே.

முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் தேவாலய மணி கேட்கும். இப்போது ரயில் அறிவிப்புதான் கேட்கிறது. பயணம் போய் நாலு இடம் பார்ப்பது நல்லதுதான்.

பார்ஜெல்லோவுக்குப் போனால் அந்த இரண்டு தகடுகளையும் பக்கவாட்டில் நின்று பார். எதில் உருவங்கள் அதிகம் முன்னால் வருகின்றன என்று புத்தகப் படத்தில் தெரியவில்லை. அவசரமில்லை. போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் எழுது.

கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் என்று எண்ண வேண்டாம், எதற்கு வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள். அம்மா பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள். பார்சல் பழைய முகவரிக்கே வரலாமா, வேறு முகவரி இருக்கிறதா என்று உடனே தெரிவி.

அன்புடன்,
அப்பா