ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்: கார் பிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கார் பிரியர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியில் வால்பாறை ரோட்டோரம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் பேசுவதெல்லாம் என் வாசலுக்கு வந்துவிடுகிறது. 2025 நவம்பரில் டாடா சியரா மறுபடி வந்ததிலிருந்து இங்கே ஆயில் மாற்ற வருகிறவர்கூட அந்த வண்டியைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. போன வாரம் ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் ஐந்து பேர். "டர்போவை எடுன்னும் சொல்றாங்க, அதுல மேனுவல் இல்லைன்னு திட்டவும் திட்டறாங்க. நான் எதைங்க நம்பறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. உங்கள் ஆசை எனக்குப் புரியும். பழைய சியரா 1991-ல் வந்தபோது நான் ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். பின்பக்கம் கூரைவரை வளைந்து ஏறும் அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைக்கும் வேலை என்னுடையது. துடைத்து முடித்தபிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். நம் ஊரில் செய்த வண்டி இப்படியும் இருக்குமா என்று இருக்கும். அதே வண்டியில் ஒரு பாட்டி பின்சீட்டுக்கு ஏறப் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். மூன்றே கதவுதான். முன்சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, மகன் பின்னால் இருந்து தாங்கிப் பிடித்து ஏற்றினார். அந்தப் பின்கண்ணாடி திறக்கவும் திறக்காது. எழுபது குதிரைத்திறன்கூட இல்லாத டீசல் இன்ஜின். அட்டகட்டி ஏறுவதற்குள் ஏசியை அணைத்துவிடுவார்கள். உள்ளே வேர்த்து ஊற்றும்.

புதிய சியராவுக்கு ஐந்து கதவு. பழைய கண்ணாடியின் சாயலுக்குக் கறுப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதை ஏமாற்று வேலை என்று சிலர் எழுதியதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பாட்டி இப்போது கதவைத் திறந்து தானாக ஏறி உட்கார்ந்துகொள்வார். என் கணக்கில் அது பெரிய விஷயம்.

இனி டர்போவுக்கு வருகிறேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து இழுவையைக் கூட்டும் சின்ன விசிறிதான் டர்போ. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன். நீங்கள் எல்லோரும் இந்த 160-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது, போட்டி வண்டியான கிரெட்டாவும் அதே 160 தானே, இன்னொரு போட்டியான செல்டோஸ் முந்துமா என்றே பேச்சு போகிறது. குடும்பம் ஏறிய வண்டிக்கு முக்கியமான எண் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது: 255 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 1500 ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே. அதே வண்டியின் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு 145 தான். ஆழியார் செக்போஸ்ட் தாண்டினால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. வளைவில் வேகம் பத்துக்கு இறங்கி, எதிரே பஸ் திரும்புவதற்கு வழிவிட்டு, மறுபடி ஏற்றத்தில் கிளம்பும்போது அந்த 255-இன் அருமை தெரியும். 160 முழுசாக வருவதற்கு இன்ஜினை 5000-த்தில் கத்தவிட வேண்டும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும் வண்டியில் யார் அப்படி ஓட்டுவார்கள்?

டர்போவுக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் கொடுத்தார்கள் என்பதுதான் உங்கள் பெரிய வருத்தம். கியர் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் அது உண்டு. மேனுவலும் வேண்டும் என்று கம்பெனியிடம் தொடர்ந்து கேளுங்கள். ஆனால் "ஆட்டோமேட்டிக்தானே, உதவாது" என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது எண்ணெய். தேய்ந்து சூடாகும் உலர் கிளட்ச் அங்கே இல்லை. விடுமுறை நாளில் மலையில் வண்டி வண்டியாக ஊர்ந்து ஏறும்போது உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக்குகள் சூடேறி எச்சரிக்கை விளக்கு போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டி வாங்கப் போனால் "மைலேஜ் என்ன" என்று கேட்கிற மாதிரி, ஆட்டோமேட்டிக் என்றால் "எந்த வகை" என்று கேட்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு நீங்கள்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

இந்த மடலை எழுத வைத்த காரணம் வேறு. பெயர் வேண்டாம், வண்டியின் பெயரும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பன்னிரண்டு வருடம் டீசல் வண்டி ஓட்டிவிட்டு, எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று ஒரு டர்போ பெட்ரோல் எடுத்தார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு சின்ன டீசல் கார்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அப்படிப் பெட்ரோலுக்கு மாறியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர் வண்டி விசில் அடிக்கிறது, நீலப்புகை வருகிறது என்று என்னிடம் வந்தது. டர்போவைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம் அது. ஓடும்போது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே போகும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். விரலால் அசைத்தால் தண்டு லொடலொடவென்று ஆடியது. இறக்கைகளின் ஓரம் கூட்டில் உரசி மழுங்கியிருந்தது. ஆயில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால், அடிப்பிடித்த புளிக்குழம்பு மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. ஆயில் மாற்றிப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தது. "யாரும் சொல்லலையேப்பா" என்றார். பேரனின் பீஸுக்கு வைத்திருந்த பணம் அந்த வேலைக்குப் போனது.

யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. வாங்குவதற்கு முன் இருபது வீடியோ பார்த்திருக்கிறார். ஒன்றிலாவது இது இருந்திருக்கலாம். மலை ஏறி ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்துகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். வரையாடு தெரிகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் வண்டி நின்ற நொடியே சாவியைத் திருகிவிடுவார்கள். ஏறிவந்த சூட்டில் டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் அங்கேயே வெந்து கருகும். இப்போதைய டர்போக்களில் தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் வசதி உண்டு. இருந்தாலும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஒரு நிமிஷம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு அணைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்று டீசல் பழக்கம். டீசல்காரர்கள் நாலாம் கியரிலேயே, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து இழுக்க வைப்பார்கள். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ பெட்ரோலில் இது ஆபத்து. ஆர்பிஎம் குறைவு, காற்றழுத்தம் அதிகம் என்ற நிலையில், ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே எண்ணெய்த் துளி பட்டு பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனே உடைந்துவிடலாம். அதைத் தடுக்கும் விதமாக 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) தர இன்ஜின் ஆயில் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தில் SP என்ற அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். கியரைக் குறைத்துக்கொண்டு மிதியுங்கள் என்றும் சொன்னால் போதும். இதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா?

உங்களைக் குறை சொல்லவில்லை. வண்டியை நேசிக்கிறவர்கள் நீங்கள். கம்பெனி விளம்பரத்தை விட உங்கள் வாய்ச்சொல்லைத்தான் மக்கள் நம்புகிறார்கள். காலி வண்டியை, தனியாளாக, நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு அந்த மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பை நிறைத்து, ஏசி ஓடும்போது ஏற்றத்தில் எப்படிக் கிளம்புகிறது? இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இன்ஜின் பிடிக்கிறதா, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருக்கிறதா? நடுவில் உட்காருகிறவருக்கு முழங்கால் எங்கே இடிக்கிறது? வளைவில் பின்சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வருகிறதா? கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. சஸ்பென்ஷன் பற்றி அதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது.

தென்னந்தோப்புக்காரர் இன்னும் முடிவு பண்ணவில்லை. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டால் வீட்டோடு போங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது சியரா டர்போ இருந்து இந்தப் பக்கம் வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் செக்போஸ்ட் பக்கம் வாருங்கள். ஐந்து பேருக்கு ஆள் நான் சேர்க்கிறேன். நாற்பது வளைவும் ஏறி, இறங்கி, ஆழியாரில் டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்