இரண்டு வாரத்தில் தீர்ப்பு வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை இரண்டு வாரம் சாப்பிட்டும் வலி மறுபடி வந்துவிட்டதென்றும், வாய் வறட்சியும் காலை நேரத் தூக்கக் கலக்கமும்தான் மிச்சமென்றும், நிறுத்திவிடலாமா என்றும் தொலைபேசியில் கேட்டாய். இதைப் பேசித் தீர்க்கப் போனால் நம் இருவருக்கும் வாக்குவாதம்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு இரண்டு விதமான மருந்துகள் தரப்பட்டிருக்கின்றன. வலி வரும்போது சாப்பிடும் சுமட்ரிப்டான் அன்றைய வலியை அடக்குவதற்கு. தினமும் இரவில் சாப்பிடும் அமிட்ரிப்டிலின், வலி வரும் நாள்களைக் குறைப்பதற்கு. இரண்டாவதிடம் முதலாவதன் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். 10 மில்லிகிராமில் தொடங்கி, உடல் ஏற்கிறதா என்று பார்த்துப் படிப்படியாக அளவைக் கூட்டுவார்கள். உரிய அளவை எட்டிய பிறகும் குறைந்தது எட்டு வாரம் போனால்தான் அது பயன் தருகிறதா என்று சொல்ல முடியும். பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலனோ மெதுவாகத்தான் வரும். இடைப்பட்ட காலத்தில்தான் பலரும் மருந்தை விட்டுவிடுகிறார்கள். நீ இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

அமிட்ரிப்டிலின் மருந்துத் தாளில் மனச்சோர்வு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, வலி உன் கற்பனை என்று மருத்துவர் நினைக்கிறாரோ என்று வருந்தினாய். அப்படியில்லை. மைக்ரேனைத் தடுக்கும் பழைய மருந்துகள் பெரும்பாலும் வேறு நோய்க்கென்று வந்தவை. புரோப்ரனலால் இதயத்துக்கும், டோபிரமேட் வலிப்புக்கும் வந்தவை. இந்த நோயை மனத்தில் வைத்தே உருவாக்கிய, வலியைத் தூண்டுவதில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற உடற்பொருளைத் தடுக்கும் ஊசிகளுக்கு 2018இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. மேலும், மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிடக் குறைந்த அளவே தலைவலிக்குப் பெரும்பாலும் போதுமானது.

எது வெற்றி என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள். மாதத்தில் பத்து நாள் வந்த வலி ஐந்து நாளாகக் குறைந்தால், அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பாதிதானா என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கும் உன் பாட்டிக்கும் இருந்து, உனக்கும் வந்திருக்கும் இந்த நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இதுவரை இல்லை. வலியின் கடுமை தணிவதும், ஒரு நாள் முழுவதும் நீடித்தது சில மணி நேரத்தில் முடிவதும், வலி மாத்திரை முன்பைவிட விரைவாகக் கேட்பதும்கூடப் பலன்தான். வலி இயல்பாகவே ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும் என்பதால், ஒரு மோசமான வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே. வலி வந்த தேதி, கடுமை, சாப்பிட்ட மாத்திரை, மாதவிடாய் நாள்கள், இவற்றை மட்டும் குறித்து வை. அதற்கு மேல் எழுதத் தொடங்கினால் நீ பத்து நாளில் விட்டுவிடுவாய் என்பது எனக்குத் தெரியும்.

சுமட்ரிப்டானை வலி இலேசாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். வலி முற்றிய பிறகு இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை உடலில் சேரத் தாமதமாகும். இரண்டு மணி நேரத்தில் வலி விலகுவதே இலக்கு. ஒருமுறை கேட்கவில்லை என்று ஒதுக்கிவிடாமல் இரண்டு மூன்று முறை பார். அப்படியும் கேட்காவிட்டால் அதே வகையில் வேறொன்று உனக்குப் பொருந்தக்கூடும். ஆனால் இந்த வகை மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, சாதாரண வலி நிவாரணியைப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடக்கூடும். தடுப்பு மருந்து பலிக்கவில்லை என்று நினைப்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுவே.

எதைத் தவிர்த்தால் வலி வராது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நேரத்துக்கு உறங்குவதும் சாப்பிடுவதும் உதவும். மற்றபடி, கொட்டாவி, கழுத்து இறுக்கம், ஏதோ ஒன்றைத் தின்ன வேண்டும் என்ற ஆசை ஆகியவை வலிக்கு முந்தைய நாளே தொடங்கும் அறிகுறிகளாக இருக்கலாம். ஆசைப்பட்டுத் தின்ற பண்டத்தின் மீது பழி போட்டு, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகாதே.

திடீரென ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் வலியோ, கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ, காய்ச்சலோடு கழுத்து விறைப்போ வந்தால் மட்டும் இந்தப் பொறுமை எதையும் கடைப்பிடிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போ.

இந்த மருந்து பலிக்காவிட்டால் அடுத்தது இருக்கிறது. பலித்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்கலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே அவரிடம் சொல். தடுப்பு மருந்துகளில் சில கருவுக்குத் தீங்கானவை. இரவு மாத்திரையைப் படுக்கைக்குப் போகும்போது சாப்பிடாமல் ஓரிரண்டு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டால் காலைக் கலக்கம் குறையுமா என்று கேள். அளவை எப்போது கூட்டுவார், எந்த மாதத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கலாம் என்பதையும் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா